ஆட்சேபணை உள்ளவர்கள்

திண்டிவனத்துப் பதிவு அலுவலகத்தில் நோட்டீசுப் பலகை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. போன வாரம் ஒட்டியபோது ஆர்த்தி பக்கத்திலேயே நின்று பார்த்தாள். பிரம்மதேசம் நடராசன் மகள் ஆர்த்தியும் ஸ்லோவாக்கியா நாட்டவரான மாரெக்கும் அயர்லாந்தில் செய்துகொண்ட திருமணத்தை இங்கே பதிய மனு கொடுத்திருக்கிறார்கள், ஆட்சேபணை உள்ளவர்கள் ஒரு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று அதில் இருந்தது. மாரெக் அதைப் போனில் படம் எடுத்துத் தன் அம்மாவுக்குக்கூட அனுப்பினான். இன்று அவனுடைய விசா நகலைக் கொடுக்க வந்தவள் சும்மா எட்டிப் பார்த்தாள். நோட்டீசு இருந்த இடத்தில் மூலைகளில் மட்டும் பசையோடு காகிதத் துணுக்குகள் ஒட்டியிருந்தன.

பக்கத்திலிருந்த நோட்டீசுகள் எல்லாம் அப்படியே இருந்தன.

உள்ளே எழுத்தர் சவுரியம்மாளிடம் போய்ச் சொன்னாள்.

"காத்துல போயிருக்கும்மா. வேற ஒன்னு ஒட்டிடறேன். நோட்டீசு புக்குலயும் இருக்குது, அதனால ஒன்னும் ஆவாது."

"மத்ததெல்லாம் இருக்குதே மேடம்."

சவுரியம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவளைப் பார்த்தாள். "ஒங்களுக்கு வேண்டாதவங்க யாராவது இருக்காங்களா?"

ஆர்த்தி இல்லை என்றாள். சொல்லிவிட்டு வெளியே வந்த பிறகுதான், அது அவ்வளவு உறுதியாகச் சொல்லக்கூடிய விஷயமா என்று தோன்றியது.

அவள் அயர்லாந்தில் கார்க் நகரத்து மருத்துவமனையில் நர்ஸ். மாரெக் அங்கே ஆம்புலன்ஸ் ஓட்டுகிறான். அவசரப் பிரிவின் வாசலில் ஸ்ட்ரெச்சரை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தள்ளிப் பழகியவர்கள் போன வருடம் கல்யாணம் செய்துகொண்டார்கள். இனி வருடத்தில் சில மாதமாவது ஊரில் இருக்க வேண்டும் என்பது ஆர்த்தியின் ஆசை. அதற்கு மாரெக் தடையில்லாமல் வந்துபோக வேண்டும், அதற்கு முதல்படியாகக் கல்யாணத்தை இங்கேயும் பதிந்துவிடுங்கள் என்று சென்னை ஏஜெண்ட் சொல்லியிருந்தார். அதனால் இரண்டு பேரும் நீண்ட விடுப்பில் வந்து பிரம்மதேசத்தில் தங்கியிருந்தார்கள்.

அப்பா நடராசன் விமான நிலையத்துக்கே மாலையோடு வந்தவர். வெள்ளைக்காரன் என்று முகம் சுளிக்கவில்லை. மாரெக் என்ற பெயரை மாரி ஆக்கி, தெருவில் எல்லோரிடமும் "எங்க மாரி, எங்க மாரி" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். மோட்டார் கொட்டகைக்கு அழைத்துப் போய்ப் பிடுங்கிய வேர்க்கடலையை, மல்லாட்டை என்று பெயர் சொல்லிக்கொடுத்து, அங்கேயே சுட்டுக் கொடுத்தார். பதிவு என்ற பேச்சை எடுத்தால் மட்டும் ஆள் மாறிவிடுவார்.

அன்று நோட்டீசு காணாமல் போன கதையைச் சொன்னபோதும் அப்படித்தான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தவில்லை.

"அங்கதான் பதிஞ்சி கல்யாண சர்ட்டிபிகேட்டு குடுத்துட்டானே. இங்க வேற எதுக்கு? பேஜாரு புடிச்ச வேல."

"மாரெக் வந்துபோவறதுக்குப்பா."

"அதான் நானும் கேக்கறேன். அந்த ஆளு எதுக்கு இவ்ளோ ஜல்தி பண்றான்? நம்ம ஊர்ல அவனுக்கு இன்னா இருக்குது?" அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "நான் தப்பா சொல்லல. வெளிநாட்டுக்காரன். அவனுக்கு முன்னாடி இன்னா இருந்துச்சி, யார் இருந்தாங்க, நீ விசாரிச்சியா?"

அம்மா கோவிந்தம்மாள் குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றாள். "நானே சொல்லலாம்னு இருந்தேன். தெனம் சாயங்காலம் போன எடுத்துக்கினு கெணத்தாண்ட போயிடறாரு. ஒரு மணி நேரம் பேசறாரு. வூட்டுக்குள்ள பேசுனா இன்னா?"

ஆர்த்தி சிரித்து மழுப்பினாள். ஆனால் அன்று சாயங்காலம் மாரெக் போனை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனபோது, துணி எடுக்கிற சாக்கில் அவளும் கொல்லைப்பக்கம் போனாள். அவன் தன் மொழியில் பேசிக்கொண்டிருந்தான். அவளுக்கு அதில் பத்து வார்த்தை தெரியும், அதில் ஒன்றும் காதில் விழவில்லை. அவளைக் கண்டதும் "பிறகு பேசுகிறேன்" என்பதுபோல ஏதோ சொல்லி வைத்துவிட்டான்.

"யார்?"

"அம்மாதான்."

"தினமுமா?"

"நான் அவளைப் பார்க்கப் போகாமல் இங்கே வந்திருக்கிறேன் என்று கோபம். ஏன் கேட்கிறாய்?"

ஒன்றுமில்லை என்றாள். மறுநாள் அவன் குளிக்கப் போயிருந்தபோது அவனுடைய போனை எடுத்துப் பார்த்தாள். அழைப்புகள் எல்லாம் ஒரே எண்ணுக்குத்தான் போயிருந்தன. அம்மா என்று அவன் மொழியில் எழுதியிருந்தது. அம்மா என்று யாருடைய எண்ணை வேண்டுமானாலும் எழுதி வைக்கலாமே என்று அடுத்த நொடியே ஓர் எண்ணம் வந்தது. சீ என்று போனைக் கட்டில்மேல் போட்டாள். ஆனால் வந்த எண்ணம் போகவில்லை.

அடுத்த வாரம் திண்டிவனத்துக்கு அவள் தனியாகப் போனாள். பலகையில் புதிதாக ஒட்டிய நோட்டீசும் இல்லை. இந்தத் தடவை காற்று என்று சவுரியம்மாள் சொல்லவில்லை.

"யாரு கிழிக்கறாங்கன்னு நாங்க பாக்கலம்மா. ஆனா ஒரு விஷயம். மூணு நாள் முன்ன ஒருத்தர் வந்து, ஆட்சேபணை எழுதிக் குடுத்தா இன்னா ஆவும், எழுதறவங்க பேரு வெளிய தெரியுமான்னு விசாரிச்சிக்கினு இருந்தாரு. எந்த நோட்டீசுன்னு கேட்டேன். ஒங்களுதத்தான் சொன்னாரு."

"பேரு சொன்னாரா?"

"பேரு சொல்லல. முண்டியம்பாக்கத்துல ஆஸ்பத்திரிக்கு எதிர்ல மெடிக்கல் வெச்சிருக்கறதா சொன்னாரு."

அங்கே கடை வைத்திருப்பது யார் என்று ஆர்த்தி ஊரில் கேள்விப்பட்டிருந்தாள். பெயர் சொல்லத் தேவையில்லை. சகாயராஜ்.

அவளுக்கு இருபத்தொரு வயது நடந்தபோது நடந்த விஷயம் அது. நர்சிங் கடைசி வருடம். சகாயராஜ் பக்கத்து ஊர், பார்மசி படித்துக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் முறைப்படி மனு கொடுத்து, விழுப்புரத்தில் நண்பர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட, பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். வெளியே வந்து டீ குடித்து முடிப்பதற்குள் அப்பா ஆட்களோடு வந்துவிட்டார். அதன் பிறகு அவள் சகாயராஜைப் பார்த்தது வக்கீல் ஒருவரின் அறையில்தான். முத்திரைத் தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அவன் தலையைக் குனிந்தபடி போட்டுவிட்டுப் போனான். "கேன்சல் ஆயிடுச்சி. அது நடக்கவே இல்லன்னு நெனச்சிக்கோ" என்று அப்பா சொன்னார். அவள் அப்படியே நினைத்துக்கொண்டாள். மாரெக்கிடம்கூட, படிக்கும்போது ஒருவனைப் பிடித்திருந்தது, வீட்டில் விடவில்லை என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

இத்தனை வருடம் கழித்து இவன் எதற்குக் குறுக்கே வருகிறான்? பழிவாங்கவா? நோட்டீசைக் கிழித்துப் பதிவைத் தள்ளிப்போட்டு என்ன கிடைக்கப் போகிறது இவனுக்கு? வீட்டுக்குப் போகாமல் விழுப்புரம் பேருந்தில் ஏறி முண்டியம்பாக்கத்தில் இறங்கினாள்.

மருத்துவக் கல்லூரி வாசலுக்கு எதிரே கடைகள் வரிசையாக இருந்தன. மூன்றாவது கடையில் அவன் மருந்துச் சீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். முன்வழுக்கை விழுந்திருந்தது. அவளைப் பார்த்ததும் கையிலிருந்த மாத்திரை அட்டையைக் கீழே வைத்தான்.

"நோட்டீச ஏன் கிழிக்கற?" என்றாள் ஆர்த்தி. வேறு எப்படி ஆரம்பிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நான் எதுக்கு கிழிக்கறேன்?"

"ஆட்சேபணை எழுதறதப் பத்தி விசாரிச்சியே."

"விசாரிச்சேன். எழுதல." அவன் உள்பக்கம் திரும்பி, "அன்பு, கொஞ்சம் இங்க வா" என்று கூப்பிட்டான்.

வந்தவள் முப்பது வயதுக்காரி. கடைக் கணினியில் உட்கார்ந்திருந்தவள். ஆர்த்தியை ஏற இறங்கப் பார்த்தாள். யார் என்று அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

"வருவீங்கன்னு தெரியும். இவ்ளோ லேட்டா வருவீங்கன்னு தெரியாது" என்றாள் அன்புச்செல்வி. "உக்காருங்க. எங்க கல்யாணத்த நாங்க இன்னும் பதியல. வூட்லயே தாலி கட்டிக்கினு குடும்பம் நடத்தறோம். ஏன் பதியலன்னு ஒங்களுக்கு தெரியுமா, தெரியாத மாதிரி இருக்கீங்களா?"

"எனக்கு இன்னா தெரியணும்?"

சகாயராஜ்தான் சொன்னான். "அந்த வக்கீலு பத்திரம் செல்லாது ஆர்த்தி. பதிவுக் கல்யாணத்த முத்திரத்தாள்ல எழுதி முறிக்க முடியாது. கோர்ட்டுக்குப் போவணும். சட்டப்படி இன்னிக்கும் நீ எனக்குப் பொண்டாட்டி."

ஆர்த்திக்கு முதலில் கோபம்தான் வந்தது. பொய் சொல்கிறான் என்று நினைத்தாள். அவன் குரலை உயர்த்தாமல் சொல்லிக்கொண்டே போனான். அன்புச்செல்வியைக் கட்டிக்கொள்ளும் முன்பே வக்கீல் ஒருவர் விளக்கிச் சொல்லியிருக்கிறார். உடனே அவன் ஆர்த்தியின் அப்பாவைத் தேடிப் போயிருக்கிறான்.

"ரெண்டு பேரும் சேந்து மனு போட்டா முடிஞ்சிடும், அவ அட்ரஸ் குடுங்கன்னு கேட்டேன். கோர்ட்டுக்குப் போனா ஊருக்கே தெரியும், என் பொண்ணு பேரு நாறிடும்னாரு. மறுபடியும் போனேன். எங்கப்பா அம்மா இன்னும் ஒங்க பக்கத்து ஊர்லதான இருக்காங்க. அவங்க நிம்மதியா இருக்கணுமா வேணாமான்னு கேட்டாரு. அதுக்கு மேல நான் இன்னா பண்ணுவேன்? போன வாரம் திண்டிவனத்து சிநேகிதன் ஒருத்தன் நோட்டீச போட்டோ எடுத்து அனுப்புனான். ஆட்சேபணை குடுத்தா நீ மாட்டிக்குவ. குடுக்கலன்னா நாங்க இப்டியே கெடக்கணும். அதான் போய் விசாரிச்சேன். எழுத மனசு வரல."

"எனக்கு எழுதணும்னுதான் இருந்துச்சி" என்றாள் அன்புச்செல்வி. "மறைக்கல. இவருதான் தடுத்தாரு."

ஆர்த்தி எழுந்து கடை வாசலில் நின்றாள். அயர்லாந்தில் கல்யாணத்துக்கு முன், தூதரகத்தில் கொடுக்க வேண்டும் என்று கேட்டபோது, மகள் மணமாகாதவள் என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி, நோட்டரி முன் கையெழுத்துப் போட்டு, மறு வாரமே கூரியரில் அனுப்பியவர் அப்பா. அப்போது அவள் போனில் அழுதிருந்தாள். அப்பா மனம் இரங்கிவிட்டார் என்று நினைத்து வந்த அழுகை.

அவள் ஊருக்குத் திரும்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. நடராசன் மோட்டார் கொட்டகையில் இருந்தார். அவள் வந்த வேகத்தைப் பார்த்ததும் மோட்டாரை நிறுத்தினார்.

"முண்டியம்பாக்கம் போயிட்டு வர்றேன்" என்றாள்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெகுநேரம் துடைத்தார்.

"நோட்டீச கிழிச்சது நீங்கதான?"

"அந்தப் பேரு அங்க தொங்கிக்கினு இருந்தா எவனாவது பாத்து அவங்கிட்ட சொல்லிடுவான்னுதான்."

"அந்தப் பத்திரம் செல்லாதுன்னு ஒங்களுக்கு எப்பலேருந்து தெரியும்?"

"அவன் வந்து சொன்னான். அவன் சொல்றத நம்பணுமான்னு வக்கீலக் கேட்டேன். அவுரும் ஆமான்னுட்டாரு."

"அப்றமும் எனக்குச் சொல்லல. மாரெக்குக்கு வேற ஆளு இருக்கும்னு என்ன சந்தேகப்பட வுட்டீங்க."

"நீ அங்கயே இருப்ப, எவன் வந்து கேக்கப் போறான்னு நெனச்சேன். பதியணும்னு கெளம்பி வருவன்னு நான் கண்டனா?" அவர் அவளைப் பார்க்காமல் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அன்னிக்கி ஊரு பேசுன பேச்சு ஒனக்குத் தெரியாது. அதுக்கு மேல கோர்ட்டு வாசல்ல ஒம் பேரக் கூப்புடறத என்னால கேக்க முடியாதுன்னு இருந்துச்சி. மாரிகிட்ட சொல்லாத. இதோட வுட்டுட்டு ரெண்டு பேரும் ஊருக்குப் போயிடுங்க."

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அப்படிச் செய்துவிடலாமா என்று அவளுக்கும் தோன்றியது. அப்படித் தோன்றியதுதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது. வீட்டுக்கு நடந்தாள்.

மாரெக் முற்றத்தில் உட்கார்ந்து கோவிந்தம்மாளுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவனை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தி எல்லாவற்றையும் சொன்னாள். அவள் முடித்ததும் அவன் கேட்டான்.

"இது உனக்கு எப்போது தெரியும்?"

"இன்றைக்குத்தான்."

"கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்தாய். அது உனக்குத் தெரியும்."

"ரத்தாகிவிட்டது என்று சொன்னார்கள்."

"என்னிடம் அதைக்கூடச் சொல்லவில்லையே. பிடித்திருந்தது என்று மட்டும்தான் சொன்னாய்."

அவன் அவளைப் பார்த்த பார்வை புதிதாக இருந்தது. சாலை விபத்தில் அடிபட்டவர் தான் குடிக்கவில்லை என்று சொல்லும்போது அவன் அப்படிப் பார்ப்பதை அவள் கார்க்கில் பார்த்திருக்கிறாள்.

"நான் அந்த ஆளைப் பார்க்க வேண்டும்" என்றான்.

மறுநாள் காலை இருவரும் முண்டியம்பாக்கம் போனார்கள். வழி முழுக்க அவன் சன்னல் பக்கம் திரும்பியிருந்தான். கடையில் சகாயராஜ் நாற்காலி எடுத்துப் போட்டான். மாரெக் உட்காரவில்லை. ஆங்கிலத்தில் முதல் கேள்வியைக் கேட்டான். சகாயராஜுக்கு மருந்துப் பெயர்களைத் தாண்டி ஆங்கிலம் ஓடவில்லை. தமிழில் நீளமாகப் பதில் சொன்னான். ஆர்த்தி அதை ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினாள்.

மாரெக் கையைத் தூக்கி அவளை நிறுத்தினான். "நீ வேண்டாம்."

வெள்ளைக் கோட்டுப் போட்ட மருத்துவ மாணவி ஒருத்தி கையுறைப் பெட்டி வாங்க நின்றிருந்தாள். அவளிடம் திரும்பி, தயவுசெய்து ஐந்து நிமிடம் உதவ முடியுமா என்று கேட்டான். அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் சரி என்றாள். என்ன மொழிபெயர்க்கிறோம் என்று புரிந்தபோது அவள் முகம் சிவந்துவிட்டது. கேள்வி ஆங்கிலத்தில் போயிற்று, பதில் தமிழில் வந்தது. இந்தப் பெண்ணை எப்போது கடைசியாகப் பார்த்தாய். நடுவில் பேசினீர்களா. அவளுக்கு இது தெரியும் என்று நினைக்கிறாயா. ஆர்த்தி கண்ணாடி அலமாரி பக்கத்தில் நின்று, தன்னைப் பற்றிய விசாரணையை இரண்டு மொழியிலும் கேட்டாள்.

"தெரியாதுன்னுதான் நெனைக்கறேன்" என்றான் சகாயராஜ். "ஆனா சத்தியமா சொல்ல முடியாது. நான் அவளப் பாத்து பல வருஷமாச்சி."

மாணவி அதை அப்படியே சொன்னாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. மாரெக் அவளுக்கு நன்றி சொன்னான். பிறகு வெளியே போய்ச் சாலையோரத்தில் நின்றுகொண்டான்.

அன்புச்செல்வி ஆர்த்தியின் கையில் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். "நானும் முன்னாடி இவர இப்டித்தான் ஆள வெச்சி விசாரிச்சேன். குடிங்க" என்றாள்.

திண்டிவனத்தில் கொடுத்த மனுவை வாபஸ் வாங்கினார்கள். மாரெக் குறித்த தேதிக்கு முன்பே கார்க்குக்குக் கிளம்பினான், தனியாக. ஆர்த்தி சம்பளமில்லா விடுப்பை நீட்டிக்கொண்டு தங்கினாள். விழுப்புரம் நீதிமன்றத்தில் அவளும் சகாயராஜும் சேர்ந்து மனுப் போட்டார்கள். வராண்டாவில் பெயர் கூப்பிட்டபோது ஊர்க்காரர்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுத் தங்கள் வேலையைக் கவனித்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. அதற்காகவா அப்பா இத்தனையும் செய்தார் என்று பேருந்தில் திரும்பும்போது அவளுக்கு மனம் கசந்தது.

கோவிந்தம்மாள் கணவரிடம் பேச்சைக் குறைத்துவிட்டாள். சோறு போடுவாள், தட்டை நகர்த்துவாள், போய்விடுவாள். ஒருநாள் மட்டும் மகளிடம் சொன்னாள், "போன்ல யாரு கூட பேசறான்னு அந்தப் புள்ளயப் போய் சந்தேகப்பட்டேன் பாரு. சந்தேகப்பட வேண்டியவரு என் பக்கத்துலயே உக்காந்து சாப்ட்டுக்கினு இருந்தாரு."

மாரெக் முதலில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூப்பிட்டான். பேச்சில் வக்கீல் என்ன சொன்னார், அடுத்த தேதி எப்போது என்பதைத் தவிர ஒன்றும் இருக்காது. மழைக்காலத்தில் ஒருநாள், ஆம்புலன்சில் ஏற்றிப்போன, சைக்கிளிலிருந்து விழுந்த ஒருவனைப் பற்றி அவனாகவே சொல்லிச் சிரித்தான். அன்றுதான் அவள் இரவு முழுக்கத் தூங்கினாள்.

தீர்ப்பு வந்தது. சகாயராஜும் அன்புச்செல்வியும் அடுத்த மாதமே பதிந்துகொண்டார்கள். தை பிறந்த பிறகு மாரெக் வந்தான். அயர்லாந்துக் கல்யாணம் செல்லாது என்பதால் பதிவதற்கு ஒன்றும் இல்லை. புதிதாகக் கல்யாணமே செய்துகொள்ள வேண்டியிருந்தது. மறுபடியும் நோட்டீசு, மறுபடியும் ஒரு மாதம். இந்தத் தடவை காகிதம் கடைசி நாள்வரை பலகையில் இருந்தது. கையெழுத்துப் போடும் முன் மாரெக் ஒவ்வொரு பக்கத்தையும் படித்தான். புரியாத இடங்களைச் சவுரியம்மாளிடம் கேட்டான், ஆர்த்தியிடம் கேட்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் முனகினார்கள். அவள் பேசாமல் காத்திருந்தாள்.

நடராசனை யாரும் கூப்பிடவில்லை. அவரும் வருகிறேன் என்று சொல்லவில்லை. அவர்கள் வீடு திரும்பியபோது அவர் கழனியில் இருந்தார். மாரெக் சட்டையை மாற்றிக்கொண்டு நேராக வரப்பில் இறங்கி அவரிடம் நடந்தான்.

கொல்லைக் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்த ஆர்த்திக்கு இரண்டு பேரும் சின்ன உருவங்களாகத் தெரிந்தார்கள். மாரெக் ஏதோ சொன்னான். அப்பா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. ஆனாலும் பேச்சு நீண்டுகொண்டே போனது.

கோவிந்தம்மாள் பின்வாசலுக்கு வந்தாள். "இன்னா பேசிக்கறாங்க ரெண்டு பேரும்? போய் இன்னான்னு கேட்டுக்கினு வா."

"வேணாம்மா" என்று சொல்லிவிட்டு ஆர்த்தி குழாயை மூடினாள். கண்ணை மட்டும் அங்கிருந்து எடுக்கவில்லை.